எழுபது வயதுக்கு மேல் தனியாக விடக் கூடாது

செக்யூரிட்டி வேலை என்றால் நாற்காலி போட்டுத் தூங்குகிற வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம் எங்களுடையது. அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். நாலு தடவை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "இது கரைக்குத்தான் லாயக்கு" என்று அப்பா இறக்கி விட்டுவிட்டார். அப்புறம் பத்தொன்பது வருஷம் கேட்டிலேயே நின்றேன். போன வருஷம் முட்டி தகராறு செய்ததும் வீட்டோடு வந்துவிட்டேன்.

புதிதாக வருகிற பையன்களுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஏஜென்சியில் கேட்டார்கள். திருடனைப் பிடித்த கதையை எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அப்படி இரண்டு கதை என்னிடம் இருக்கிறது, அதை வேறு யாராவது சொல்லட்டும். நான் கோதண்டம் நைனாவைப் பற்றி எழுதுகிறேன். இதை இதுவரை என் பெண்டாட்டியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

1. மெயின் கேட்

நாவலூர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட். ஆறு பிளாக். நான் ஹெட் கார்டு, மெயின் கேட். முதல் நாளே ஏஜென்சி ஆபீசர் சொன்னது இதுதான்: "உள்ள வர்றவனப் பாரு ஏழுமலை. வெளிய போறவன் எங்கனா போறான், உனக்கு இன்னா?" விசிட்டர் வந்தால் பெயர், பிளாட் நம்பர், போன் நம்பர், வண்டி நம்பர் எழுத வேண்டும். பிளாட்டுக்கு இண்டர்காம் போட்டுக் கேட்டு அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவர்கள் போவதும் வருவதும் அவர்கள் இஷ்டம்.

கோதண்டம் நைனா சி பிளாக். மதுராந்தகத்துக்காரர், அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போன பிறகு மகள் சுமதி இங்கே கூட்டி வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளை வெளிநாட்டில். முதல் தடவை நான் "குட் மார்னிங் சார்" என்றபோது மனுஷன் முகத்தைச் சுளித்தார்.

"சாரு மோருலாம் வாணாம். வண்டி ஓட்னவன் நானு. பேரு இன்னா உனக்கு?"

அன்றிலிருந்து அவர் எனக்கு நைனா.

காலை ஆறு மணி அடித்தால் கேட்டில் நிற்பார். வெள்ளை வேட்டி, முழுக்கை சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. நடுவில் ஓ.எம்.ஆர். அந்த ரோட்டைத் தாண்டுவது லேசான காரியமில்லை. நான் விசிலை ஊதி, கையைக் காட்டி, அவரை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு வருவேன். திரும்பி வரும்போது அங்கிருந்தே கையை ஆட்டுவார் என்று நினைத்துவிடாதீர்கள். "டேய் ஏழுமல, ரைட்டு போலாம்!" என்று கண்டக்டர் மாதிரி கத்துவார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும், சிரிப்பும் வரும்.

2. புது ரூல்

ஏ பிளாக்கில் ஒரு வயதான அம்மா ஒருநாள் வெளியே போனவர் வழி தெரியாமல் கேளம்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பகல் முழுக்கத் தேடினோம். அடுத்த வாரமே அசோசியேஷன் மீட்டிங் போட்டார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை வீட்டார் எழுதிக் கொடுக்காமல் தனியாக வெளியே விடக் கூடாது. விட்டால் கார்டுதான் பொறுப்பு.

அந்த ரூல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் பிள்ளை கேட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் நான்.

சுமதி வந்து, அனுமதி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நைனாவுக்குச் சர்க்கரை. ஒரு மாதம் முன்னால்தான் டீக்கடை பெஞ்சிலேயே மயங்கி விழுந்து, நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"அண்ணா, டீதானே? வீட்லயே போட்டுக் குடுக்கறேன். ரோட்டுல விழுந்தா நான் என்னண்ணா பண்ணுவேன்? எனக்குன்னு இருக்கிறது அப்பா மட்டும்தான்."

மறுநாள் ஆறு மணிக்கு நைனா வந்தார். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"இன்னாபா, தெற."

"நைனா, ரூலு போட்டுட்டாங்க. வூட்ல எழுதிக் குடுக்கணும்."

"யாரு வூட்ல?"

"உங்க பொண்ணுதான்."

"நான் பெத்த பொண்ணு எனக்கு லீவ் லெட்டர் எழுதித் தரணுமா? முப்பது வருசம் ரோட்ல வண்டி ஓட்னவன்டா நானு. இந்த ரோட்டத் தாண்டத் தெரியாதா எனக்கு?"

"டீக்காகத்தான நைனா? அந்தப் பொண்ணு நல்லாத்தான் போட்டுத் தருது."

"டீக்கா போறேன் நானு?" கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அங்க நாலு பேரு இன்னா டிரைவரேன்னு கூப்புடுவான். இங்க லிப்ட்டுல ஏறுனா எல்லாரும் செல்லப் பாத்துகினு நிக்கறான். ஜெயிலுகூட தேவலாம், அங்க பேச்சுத் துணைக்கு ஆளு கீது."

நைனா கம்பியை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு ஒரு வாரம் கேட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கும் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் வேலை போனால் என் வீட்டு அடுப்பு எரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

3. டேங்கர் கேட்

ஓ.எம்.ஆரில் அபார்ட்மெண்ட் என்றால் தண்ணி லாரி இல்லாமல் விடியாது. எங்களுக்குப் பின்பக்கச் சந்தில் அதற்கென்றே ஒரு கேட். அங்கே கார்டு கிடையாது. லாரி வந்தால் பம்ப் ஆபரேட்டர் கேட்டைத் திறந்துவிட்டு, ஹோஸ் பைப்பைப் பிடிக்க, சம்ப் தொட்டிப் பக்கம் போய்விடுவார். உள்ளே திருப்ப இடம் இல்லாததால் லாரி ரிவர்ஸிலேயே வரும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஜெனரேட்டர் ரூம். நடுவில் லாரி போனால் ஒரு ஆள் ஒண்டிக்கொண்டு நிற்கத்தான் இடம் இருக்கும்.

ஒருநாள் காலையில் எதிரே பார்க்கிறேன், டீக்கடையில் நைனா உட்கார்ந்திருக்கிறார்! என்னைப் பார்த்ததும் கிளாஸை உயரத் தூக்கிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடினேன்.

"எப்பிடி வந்தீங்க?"

"தண்ணி லாரி வருது இல்ல, கேட்டு தெறந்து கீது. அப்பிடியே சைடுல பூந்து வந்துட்டேன்." சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "உன் கேட்டுல வரல இல்ல? உனக்கு இன்னா வந்துச்சு?"

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நான் விசில் ஊதி அவரை ரோட்டைத் தாண்ட வைத்து, சந்து முனை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

"நான் பாக்கல நைனா."

"நீ எங்க பாத்த? நீ கேட்டுல இல்ல கீற!"

அப்படியே பதினோரு நாள். காலையில் டீக்கடையில் தலை தெரியும். நான் போய்த் தாண்ட வைப்பேன். என் ரெஜிஸ்டரில் அவர் பெயர் இருக்காது. ரூலும் கெடவில்லை, நைனாவுக்கும் ஒரு மணி நேரம் மூச்சு விட இடம் கிடைத்தது, இரண்டு பக்கமும் சரிக்கட்டிவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பின்பக்கச் சந்தை, லாரி வரும் நேரத்தில் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தேனா? இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் தடுக்க வேண்டும். அதற்காகவே போகவில்லை. என்னைவிடப் புத்திசாலி உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

பன்னிரண்டாம் நாள் டீக்கடையில் தலை தெரியவில்லை. ஆறேகாலுக்குப் பின்பக்கம் கூச்சல் கேட்டது.

நான் எழுதி இதைப் பெரிதாக்க விரும்பவில்லை. லாரிக்கும் ஜெனரேட்டர் ரூம் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கண் விழிக்கவில்லை. நைனா, நைனா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லாரி டிரைவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. "கண்ணாடில ஆளே தெரில சார், சத்தியமா தெரில" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவருக்குத் தெரியாதுதான். தெரிந்தவன் நான், யூனிபார்மோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அசோசியேஷன் செக்ரட்டரி என் ரெஜிஸ்டரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "உங்க கேட்டுல ஒரு தப்பும் இல்ல ஏழுமலை. ரூல்ஸ கரெக்டா ஃபாலோ பண்ணியிருக்கீங்க" என்று முதுகில் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் எரிந்தது. டேங்கர் கேட்டுக்கு அன்றைக்கே பூட்டும் கார்டும் போட்டார்கள்.

4. சுமதி கேட்டது

காரியம் எல்லாம் முடிந்து சுமதி ஒருநாள் காலையில் கேட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்கு அந்தப் பின்பக்க வழியே தெரியாதே. அன்னிக்குன்னு பாத்து ஏன் அங்க போனாரு?"

தலையாட்டி அனுப்பியிருக்கலாம். எனக்கும் வேலை மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தப் பெண் அந்தக் கேள்வியோடு ஆயுசு முழுக்க அலையும் என்று தோன்றியது.

"அன்னிக்கி மட்டும் போவலம்மா. பதினோரு நாளா போயிகினு இருந்தாரு. எனக்குத் தெரியும். நான்தான் ரோட்ட தாண்ட வச்சிகினு இருந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றாள். டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சரின்னு எழுதிக் குடுத்திருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேம்மா."

"அவ்ளோ ஆசையா போறாருன்னு எனக்குத் தெரியாதுண்ணா. எங்கிட்ட முறைச்சுக்கிட்டு டிவி பாத்துட்டு இருப்பாரு. கோவம், சரியாயிடும்னு விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. காலைல ஆறு மணிக்கு நான் சும்மாதான்ணா இருப்பேன். நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

அதே வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். அந்த வேலை போனது. ஏஜென்சி என்னை வேறு இடத்துக்கு மாற்றியது.

தம்பிகளா, ரூலைப் பார்க்க வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மனுஷனைப் பார், ரூலை விடு என்று வீரம் பேசவும் மாட்டேன். ஒருவரை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். நிறுத்தின பிறகு அவர் எந்த வழியாகப் போவார் என்று போய்ப் பாருங்கள், பார்த்ததை வீட்டாரிடம் சொல்லுங்கள். நான் யாருக்கும் கெட்டவனாகாமல் இருக்கப் பார்த்தேன். பதினோரு நாள் நைனா, சுமதி, அசோசியேஷன் என்று மூன்று பக்கமும் நல்லவனாக இருந்தேன். சி பிளாக்குக்கு இண்டர்காமில் மூன்று நம்பர் அழுத்த வேண்டும், அவ்வளவுதான், அதை நான் செய்யவில்லை.