பெருமாயியின் கமான் மரம்

ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பாதையோரம் செல்லமுத்துவின் கொல்லுப்பட்டறை இருந்தது. அவன் இடுக்கியில் இரும்பைப் பிடிப்பான். சம்மட்டி அடிப்பது அவன் பெண்சாதி பெருமாயி. பதினான்கு வருஷத்தில் அவள் அடி ஒருநாளும் குறி தப்பியதில்லை. அதைத் தன் வாயால் சொல்லவும் அவள் கூச்சப்பட மாட்டாள்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம், யுத்த காலம். பஸ்ஸின் பாரம் தாங்கும், வில் போல வளைந்த கமான் பட்டைகள் சேலத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. வெங்கடாசலம் முதலாளியின் மலை பஸ்ஸில் இடது பின்கமான் முறிந்தபோது, செல்லமுத்து ஏதோ பழைய காரின் பட்டைகள் இரண்டை வெட்டிச் சேர்த்து அடுக்கிக் கொடுத்தான்.

நாலாம் நாள் முதலாளி பஸ்ஸோடு வந்து நின்றார்.

"ஆள் ஏறுனா வண்டி எடப்பக்கம் சாயுது. வளைவுல பொம்பளைங்க அலறுறாங்க. என்னத்தப்பா மாட்டி உட்டே?"

"கமான்ல ஒரு கொறையுமில்லீங்க. மூட்டைய ஒருபக்கமா ஏத்தியிருப்பாங்க" என்றான் செல்லமுத்து.

பேச்சு தடித்தது. பெருமாயி சம்மட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பின்கமானையும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. எது தொய்யுதுன்னு அளந்தே காட்டறேனுங்க."

"இதை எப்படி அம்மிணி அளப்பே?"

"நாளான்னிக்கு வந்து பாருங்க."

பாரவண்டிக்குச் சக்கரம் கழற்றும்போது, நீளமான மரத்தைக் கொடுத்து ஒற்றை ஆளாக வண்டியை நெம்பித் தூக்குகிறவள் அவள். அந்த நெம்பைக் கீழ்நோக்கித் திருப்பினால் போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எட்டு முழ வேப்பமரம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைப் பட்டறை முன்னால் நட்டிருந்த கம்பத்தில் ஆணி கோத்து மாட்டினாள். ஆணியிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரத்துக்கு அடியில் கமானைக் கவிழ்த்து வைத்தாள். அதன் இரண்டு காலும் வழுக்கி விரிய, விளக்கெண்ணெய் தடவிய தகடுகள். மறுமுனையில் ஒரு மணங்கு எடையுள்ள மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். அங்கே ஒரு மணங்கு என்றால் கமானின் மேல் எட்டு மணங்கு.

நாலாவது மூட்டையில் கம்பம் வேரோடு பிடுங்கினது போல மண்ணைக் கிளப்பிக்கொண்டு மேலே வந்தது. செல்லமுத்து சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. இடுப்பளவு குழி வெட்டி, கம்பத்தின் அடியில் குறுக்குக்கட்டை அடித்து, கல்லைப் போட்டு இறுக்கினாள்.

மறுநாள் ஆறு மூட்டை தொங்கியும் கம்பம் அசையவில்லை. வலது கமானுக்கு மரத்தின் நுனி இரண்டு சாண் இறங்கியது. இடதுக்கு இரண்டு சாணும் ஆறு விரலும்.

"உம்மரம் சரியில்ல புள்ள" என்றான் செல்லமுத்து.

அவள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து மூன்று தரம் அளந்தாள். அதே ஆறு விரல். புருஷன் பக்கம் நியாயம் காட்டத்தான் அவள் இதைக் கட்டினாள். செல்லமுத்து இடது கமானைப் பிரித்துப் பார்த்தான். காரின் பட்டைகள் மற்றவற்றைவிட அரை நூல் மெலிசு.

"மொதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுவோம். இந்த மரம் ஊருக்கு ஒண்ணு, நம்மளுக்கு ஒண்ணுன்னா பேசும்?"

அவன் அடுக்கில் இன்னொரு பட்டை சேர்த்தான். இப்போது கமான் வேண்டியதற்கு மேல் விறைத்தது. பட்டையைக் குட்டையாக்கி அளந்தார்கள். மறுபடி குட்டையாக்கி அளந்தார்கள். பொழுது சாயும்போது நுனி இரண்டு சாணில் வந்து நின்றது.

வெங்கடாசலம் வந்ததும் பெருமாயியே சொன்னாள்: "தப்பு எங்களுதுதானுங்க. இப்ப சரி பண்ணியாச்சு. நீங்களே அளந்துக்குங்க."

அவர் தம் கையாலேயே மூட்டைகளை மாட்டி, இரண்டு கமானையும் அளந்து பார்த்தார். பிறகு செல்லமுத்துவைப் பார்த்து, "இன்னொரு பஸ்ஸோட கமானையும் நாளைக்கு அனுப்பறேன். அளந்து வெய்யி" என்றார்.

"அளக்கறது நானுங்க" என்றாள் பெருமாயி.

அந்த வாரமே, ஆள் நிரம்பிய பஸ்ஸில் இடது ஓரத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவள் முதல்முறையாக ஏற்காடு போனாள். ஒவ்வொரு வளைவிலும் எட்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். வண்டி நேராகவே ஏறிற்று.