சாரல் காலத்தில் ஈஸ்ட் பிடித்தது

எங்கள் கல்லூரியில் எம்.ஃபில். வாய்மொழித் தேர்வுகள் எல்லாம் சாரல் காலத்தில்தான் நடக்கும். பங்குனியில் கூப்பிட்டால் வெளியூர்த் தேர்வாளர்களுக்கு உடம்பு சரியிருக்காது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பேப்பரில் செய்தி வந்ததும் எல்லோரும் குணமாகிவிடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் என் முறை வந்தது.

"ஏல, சீசனுக்கு வந்த எக்ஸ்டெர்னல் எவரும் இதுவரைக்கும் ஒருத்தனையும் பெயிலாக்குனது இல்ல. நீ பாஸ்னு வச்சுக்கிடு. ஆனா உனக்கு அது போதாதுல்லா?" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

போதாதுதான். தேர்வாளராக வரப்போகிறவரின் துறையில், முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகையோடு ஓர் இடம் காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் நான் அப்பாவோடு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போக வேண்டியதுதான். அப்பாவுக்கு அங்கே மூட்டை இறக்குகிற வேலை. நான் மட்டும்தான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போனவன். உள்ளே போனவன் வெளியே வராமலே இருக்கிறானே என்று சொந்தக்காரர்களுக்குக் கவலை.

"அவர் கண்ணால ஒரு தடவ பாத்துரணும். ஈஸ்ட் வந்து கம்பியில ஒட்டுதத மைக்ராஸ்கோப்புல பாத்துட்டாருன்னா, உன்ன விடமாட்டாரு. பாக்க வைக்கது உன் சமத்து" என்றார் பேராசிரியர்.

என் ஆய்வு அதுதான். சுத்தமான நீரில் ஈஸ்ட் செல்களைக் கலந்து, ஊசிமுனையுள்ள பிளாட்டினம் கம்பி ஒன்றையும், அதற்கு எதிரே இன்னொரு கம்பியையும் வைத்து, வேகமாகத் திசை மாறும் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஊசிமுனையில் மின்புலம் நெருக்கமாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் கலைந்துவிடும். மின்புலத்தில் சிக்கிய செல்லின் ஒரு பக்கம் நேர்மின்னாகவும் மறுபக்கம் எதிர்மின்னாகவும் ஆகும். முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பாதிக்கு இழுப்பு அதிகம். அதனால் செல் மெல்ல நகர்ந்து போய் முனையில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருவது அதன்மேல் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் கம்பி முனையில் தாடி முளைத்த மாதிரி இருக்கும். இதை வைத்து ஒருநாள் ரத்தத்திலிருந்தும் குடிநீரிலிருந்தும் வேண்டியதைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்று நான் நம்பினேன். எங்கள் இலத்தூர்த் தெருவில் அதை, "கரண்ட் வச்சுக் கிருமி புடிக்கான்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

ஈஸ்டைத் தென்காசியில் ஒரு ரொட்டிக்கடையில்தான் வாங்குவேன். கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"என்ன தம்பி, போன வாரம் கொடுத்ததெல்லாம் புடிச்சு முடிச்சாச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"புடிச்சத இங்கன கொண்டாந்து கொடுத்தா பன்னாவது போடலாம்லா?"

இந்த வேலைக்கு ஒரே எதிரி உப்பு. நீரில் துளி உப்பு கரைந்திருந்தாலும் மின்சாரம் நேராகப் பாய்ந்து, நீர் சூடாகிக் குமிழியிட்டு, செல்கள் திசை தெரியாமல் சுழலும். ஆகவே ஈஸ்டைக் காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவுவேன். தேர்வுக்கு முந்தின நாள் அப்படிக் கழுவி ஒரு பாட்டிலில் அடைத்தேன். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி பழுது. பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போய், ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் வைத்தேன். காலையில் கிளம்பும்போது அப்பாவும் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"சந்தைக்குப் போகலையாப்பா?"

"ஒரு நா மூட்ட இறங்கலன்னா வெங்காயம் அழுவாது. வாலே."

தென்காசியில் நான் பேராசிரியருக்குப் போன் செய்யக் கடைக்குப் போனேன். பாட்டில் இருந்த பை அப்பாவிடம் இருந்தது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். என் நெற்றியில் திருநீறு பூசினார். நான் கும்பிட்டேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தேர்வாளர் உயரமானவர், மதுரைப் பக்கத்துக்காரர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, தோளில் ஒரு பை. பையின் வாயிலிருந்து துண்டின் ஓரம் எட்டிப் பார்த்தது. பேராசிரியர் வாடகைக் காரை வெளியே நிறுத்தி வைத்திருந்தார். முதலில் ஐந்தருவி, பிறகு செங்கோட்டைப் பக்கம் புரோட்டாவும் கோழியும் என்று ஏற்பாடு. நான் ஆய்வேட்டைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தேர்வாளர் சன்னலுக்கு வெளியே மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல நல்ல மழையோ?"

"நேத்து ராத்திரிலேர்ந்து சார்" என்றார் பேராசிரியர், தானே பெய்வித்ததைப் போல.

செய்முறைக்கு வந்தோம். பாட்டிலிலிருந்து சில சொட்டு எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டு மின்சாரத்தைப் போட்டேன். முனையில் குமிழி. இன்னும் குமிழி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்; செல்கள் திருவிழாக் கூட்டம் போல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின. கம்பியில் ஒன்றும் ஒட்டவில்லை.

தேர்வாளர் குனிந்து, கருவியின் மேலிருந்தே வெறும் கண்ணால் பார்த்தார். "என்ன தம்பி, சோடா தயாரிக்கிறீங்களா?"

பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படிவு. கதவுப் பக்கம் திரும்பினேன். அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சந்தையில் புதுத் தராசு வந்தால் தட்டில் முதலில் விழுவது திருநீறு. புது லாரியின் இன்ஜினுக்கும் அப்படித்தான். மகனின் ஈஸ்டுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

"என்ன ஆச்சு?" என்றார் தேர்வாளர்.

அவர் நெற்றியைப் பார்த்தேன். திருநீறு காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று அந்த நெற்றியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் எனக்கு வேலை தெரியாது என்றாகும். சொன்னேன்.

"சார், எங்கப்பா நல்லதுக்குன்னு இதுல திருநீறு போட்டுட்டாங்க. அதுல உள்ள உப்பு கரைஞ்சிருக்கு."

பேராசிரியர் இருமினார்.

"விபூதியில உப்பா?" தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விபூதியில ஏது தம்பி உப்பு?"

"சாணத்தை எரிச்ச சாம்பல்தானே சார். அளந்து காட்டலாம்."

சொன்னபின்தான் அதன் அபாயம் புரிந்தது. ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இது எங்க ஊர் விபூதி. இதையும் அளங்க."

நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் மீட்டரை வைத்தேன். வெறும் நீரில் முள் ஓரத்தில் கிடந்தது. என் பாட்டிலுக்கு நடுவரை வந்தது. புதிய நீரில் அவர் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கியதும் முள் அதையும் தாண்டிப் போனது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சிட்டிகை அளவைக் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார், அவர் திரும்பவில்லை. எங்கள் ஊர்த் திருநீற்றைவிட அவர்கள் ஊர்த் திருநீறு அதிகம் மின்சாரம் கடத்தியதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்ததாகவே எனக்குத் தோன்றியது.

இதற்கிடையில் சாம்பலைப் படிய விட்டு, மேலே நின்ற ஈஸ்டைப் பிரித்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் சுற்றிப் புது நீரில் கழுவினேன். மறுபடி கம்பிகளுக்கிடையே விட்டு மின்சாரம் போட்டேன். முதல் செல் நகர்ந்தது.

"சார், வருது! ஒரு நிமிஷம் பாருங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். "வரும் தம்பி. உப்பு இல்லன்னா வரத்தானே செய்யும்? அதான் தியரி."

"பாத்துட்டுப் போயிருங்க சார்."

"கூட்டம் சேர்ந்துட்டா அருவியில நிக்க முடியாதுன்னு உங்க சார் சொல்றாரே. அடுத்த மாசம் வந்து சேர்ந்துருங்க. மீட்டர ஒழுங்காப் படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும் எனக்கு."

பேராசிரியர் என் முதுகில் தட்டிவிட்டு அவர் பின்னால் ஓடினார். கார் கிளம்பியது. ஒன்றரை வருடம் நான் ஈஸ்ட் பிடித்தேன்; இடம் கிடைத்தது சாம்பல் அளந்ததற்கு. சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன். ஆனாலும் மைக்ராஸ்கோப்பில் கம்பி முனையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செல்கள் வரிசை வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு ஒழுங்காக அவை அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

அப்பா பக்கத்தில் வந்தார். "நான் போட்டது தப்பாலே?"

"இல்லப்பா. இடம் கிடைச்சிட்டு."

"பொறவு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என்னமோ புடிக்கேன் புடிக்கேன்னியே, அதக் காட்டு."

எங்கள் மைக்ராஸ்கோப்புக்குக் கரண்ட் வேண்டாம், அடியில் உள்ள கண்ணாடியில் சன்னல் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்ப்பது. அப்பா ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தலைக்குமேல் மின்விசிறி முனகிக்கொண்டு நின்றது. அப்பா கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுதாப்பா?"

"தெரியுது, தெரியுது. கம்பியில கூட்டமா தொங்கிட்டு நிக்கானுவ..." கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார். "ஏலே, கரண்ட் போனதும் ஒவ்வொருத்தனா வேலய விட்டுட்டுப் போறானுவலே. இவனுவ எல்லாம் கவர்மென்ட் ஆளுவளா?"