கம்ப்யூட்டருக்குத் தைத்த ஸ்வெட்டர்

கம்ப்யூட்டருக்கு ஸ்வெட்டர் தைத்து மாட்டியவன் நான். அதுவும் சித்திரை மாத வெயிலில், திருப்பூரில். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் சிரிப்பதைவிட ஆரம்பத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வருவது உங்களுக்கும் வசதி, எனக்கும் பழக்கம்.

அப்போது நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் எங்கே ஓட்டை, எங்கே கறை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் மனைவி ஒரு பிரிண்டிங் பட்டறையில் டிசைனராக இருந்து, மகள் பிறந்ததும் நின்றுவிட்டவள். மகளுக்கு ஒன்றரை வயதானபோது பட்டறை மேனேஜர் கூப்பிட்டு ஒரு டிசைன் கொடுத்தார். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு, சைக்கிள் ஓட்டும் யானை. ஆறு கலர். வீட்டிலேயே செய்து சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சிடியில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் இனி வேலை வீடு தேடி வரும். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பட்டறையில் இருக்க வேண்டும், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு.

கம்ப்யூட்டரை நானே கட்டியிருந்தேன். சாமான் விற்ற கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "நான் மாட்டித் தாரேன் அண்ணாச்சி" என்று கெஞ்சினார். மெஷின் பார்க்காத ஆளா நான் என்று மறுத்துவிட்டேன். மாட்டி முடித்தபோது இரண்டு ஸ்குரூ மிச்சமிருந்தது. சிக்கனமாக வேலை செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டடம் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் பட்டறை. ஜன்னலைத் திறந்தால் பஞ்சு மிதந்து வந்து சாம்பாரில்கூட இறங்கும். தவிரவும், எக்ஸ்போர்ட் மிச்சத் துணியில் உறை தைக்காத பொருள் எங்கள் ஊர் வீடுகளில் இருக்காது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. கம்ப்யூட்டர் மட்டும் அம்மணமாக நிற்கலாமா? குளிர் நாட்டுக்குப் போக வேண்டிய, கம்பளி மாதிரித் தடித்த ஃப்ளீஸ் துணி, சந்தன நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தது. கேபினெட் பெட்டியை அளவெடுத்து, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து, முன்னால் ஜிப் வைத்து, சுவிட்சுக்குப் பட்டன் ஓட்டை போட்டு, பின்னால் வயர் மட்டும் வெளியே வரும்படி எலாஸ்டிக் வைத்து, கச்சிதமாக மாட்டினேன். ஒரு தூசி உள்ளே போகாது. காற்றும் போகாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

யானையின் தும்பிக்கை வளைகிற இடத்துக்கு வந்தால் போதும், திரை நீலமாகிவிடும். நீலத்தில் வெள்ளை எழுத்து, எண்ணும் எழுத்துமாக நான்கு வரி. அதை எழுதி எழுதி ஒரு நோட்டே நிறைந்தது. மந்திரம் மாதிரி எனக்கு மனப்பாடமும் ஆகிவிட்டது, பலன்தான் இல்லை.

கடைக்காரர் அந்த வாரம் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை.

"என்ன அண்ணாச்சி, நல்லாத்தான ஓடுது? என்னயப் பாக்கணும்னா சும்மா கூப்பிட்டாலே வருவம்லா."

"நீங்க போனீங்கன்னா நின்னு போகுதுங்க!"

"அப்பம் அதுக்கு எம்மேல பாசம். மெமரிய வெளிய எடுத்து ரப்பர் போட்டுத் தேய்ங்க. பிள்ளைக அழிக்கற ரப்பர்தான்."

தேய்த்தேன். யானையைச் சிடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஃபார்மட் போட்டேன். பிளக்கை மாற்றினேன். கேபினெட்டைக் கிழக்கே பார்த்துத் திருப்பினேன். ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் பத்திரமாக ஸ்வெட்டரை மாட்டி, ஜிப்பை இழுத்துவிட்டு, "இனிப் பாரு கண்ணு" என்பேன். அரை மணி நேரத்தில் நீலம்.

மனைவி கத்தவில்லை. வலது கையில் மவுஸ், இடது கையில் சேவ். ஒரு கோடு, ஒரு சேவ். புதன்கிழமை பார்த்தால், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சின்னப் பை தொங்கியது. உள்ளே மகளின் இரண்டு கவுன், பால் பாட்டில், ஒரு துண்டு. எதிர் வீட்டு அக்காவிடம் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நான் மெமரியை மறுபடி ரப்பரால் தேய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, கழற்றி வைத்த ஸ்வெட்டர் மேல் மகள் ரசத்தைக் கொட்டியிருந்தாள். மனைவி அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அன்று சாயங்காலம் நீலம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் கம்பெனியிலிருந்து திரும்பியபோதும் வரவில்லை. யானை முழுசாகிவிட்டது, அச்சடிக்க ஆறு கலரையும் தனித்தனியாகப் பிரிக்கிற வேலைதான் பாக்கி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உடனே கடைக்காரருக்குப் போன்.

"ரப்பர் வைத்தியம் பலிச்சிருச்சுங்க! நானே சரி பண்ணிப்போட்டேன்."

"அப்பம் இனி போன் பண்ண மாட்டீயள்லா?"

அந்த சந்தோஷத்தில் கொடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வந்து, அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே குனிந்து மாட்டினேன். நான்காவது கலர் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கலர் முடிவதற்குள் திரை நீலமானது.

அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்னுங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே பண்ணுல கண்ணு. சட்டையத்தான் மாட்டுனேன்."

அவள் கீழே உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஃப்ளீசுக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள்.

"ஏனுங்க, கைய உள்ள வெச்சுப் பாருங்க."

வைத்தேன். தோசைக்கல்.

"பொறத்தால காத்தாடி சுத்துதில்லீங்க? அது காத்து உட ஓட்டை எங்கீங்க?"

"ஓட்டை இருந்தா ரிஜெக்ட் ஆயிருமில்ல புள்ள."

இப்படியொரு பதிலை நான் நிஜமாகவே சொன்னேன். பத்து வருட செக்கிங் அனுபவம்.

கடைக்காரருக்கு இந்தத் தடவை அவளே போன் செய்தாள். அவர் சிரித்தது ரிசீவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"அண்ணாச்சி, மூணு மட்டம் வந்தேன். ஒரு மட்டங்கூட அந்தச் சட்டைய நான் பாக்கலியே?"

"நீங்க வரக்குள்ள கழட்டி மடிச்சு வெச்சிருவனுங்க. ஸ்குரூ டிரைவர் புடிச்ச கை, சந்தனக் கலர், அழுக்காயிருமில்லீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு ஆறாவது கலரும் முடிந்தது. சிடியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பட்டறை இருக்கும் வீரபாண்டிக்கு பஸ் ஏறினாள். நான் அரை நாள் லீவு போட்டு மகளோடு வாசலில் நின்றேன். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், பையிலிருந்து மூன்று புதுக் காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். குடை பிடித்த ஒட்டகச்சிவிங்கி, கண்ணாடி போட்ட முதலை, இன்னொன்று என்ன மிருகமென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் மெல்லப் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பிடீன்னா நாங் கட்டுன கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர்தான், இல்ல கண்ணு? தூசிக்கு மட்டும், சன்னமா, வலைத்துணில ஒண்ணு..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயி புள்ளைக்குச் சோறூட்டுங்க."