திரேசம்மா ஊசி குத்திய வள்ளம்

திரேசம்மா செத்த செய்தி கோயில் ஒலிபெருக்கியில் வந்தது. நான் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பேரைச் சொன்னார்கள், அடக்கம் நாளைக்கு என்றார்கள். மிச்ச மீனையும் வெட்டி, கழுவி, உப்புப் போட்டுவிட்டுத்தான் எழும்பினேன். அழுகை வரவில்லை. இன்றைக்கு முப்பத்தோராம் நாள், இன்னும் வரவில்லை. இந்த நினைவு மலரை வாசிக்கிற, அவவைத் தெரிந்த உங்களுக்கு இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்கும் அவவுக்கும் பேச்சில்லை என்பது பேசாலை ஊர் முழுக்கத் தெரியும். இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் நடந்ததுதான் காரணம். பைப்படியில் வரிசை. என் மகன் அன்ரனுக்கு அப்போது நாலு வயது, காய்ச்சலில் உடம்பு கொதித்தது. என் குடத்தை முன்னுக்கு வைத்தேன். அவ அதைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தா. "காய்ச்சல் எல்லாற்ற வீட்டிலயும்தான் கிடக்கு," என்றா. பச்சைப் பிளாஸ்டிக் குடம், வாயில் கீறல். அன்றைக்கு அவ உடுத்திருந்த சேலையின் கரைகூட எனக்கு ஞாபகம். அதோடு பேச்சை விட்டேன்.

நாட்டில் சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பும்போது அன்ரன் வளர்ந்த ஆம்பிளை. கடல் தெரியும், வள்ளம் இல்லை. திரேசம்மாவின் தம்பி சூசை தன்னுடைய சின்னப் பாய் வள்ளத்தை விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்டோம். நீலமும் வெள்ளையுமாய்ப் புதுப் பெயின்ற். கண்டவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. அன்ரனோ எனக்குச் சொல்லாமல் திரேசம்மாவைக் கூட்டி வந்துவிட்டான். வள்ளம் கட்டினவரின் மகள், பலகை பார்க்க அவவைவிட ஆளில்லை என்றான்.

அவ என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னா: "கொம்மாவை வெயிலுக்க நிக்காமல் அங்கால இருக்கச் சொல்லு."

நானும் அவனிடம்தான் சொன்னேன்: "என்ர வெயிலை நான் பாக்கிறன் எண்டு சொல்லு."

அவன் இரண்டையும் சொல்லவில்லை.

பொம்பிளை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் கரை வழக்கம். அவவும் வைக்கவில்லை. சூசையை உள்ளே ஏறிக் குதிக்கவிட்டு, வெளிப்பலகையில் உள்ளங்கையை வைத்தபடி ஒரு சுற்று வந்தா. பிறகு கேட்டா: "எத்தினை நாளாத் தண்ணிக்க போட்டு வைச்சிருந்தனி?"

"வள்ளத்தைத் தண்ணிக்க போடாமல் அலுமாரிக்குள்ளயோ அக்கா வைக்கிறது?"

"ஊறின பலகை பொய் சொல்லும். கரையில இழுத்துவிடு, மூண்டு நாள் காயட்டும்."

மூன்றாம் நாள் போனோம். மற்றப் பலகையெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. பாய்மரம் நடுகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு கையகலம் மட்டும் ஈரம் விடாமல் கறுத்து நின்றது. திரேசம்மா தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் குத்தினா. தேத்தண்ணியில் நனைத்த பாண் துண்டுக்குள் போவதுபோல முழுதும் உள்ளே போய்விட்டது.

"நீ ஆரின்ர பக்கம் அக்கா?" என்றான் சூசை.

"ஏறிப் போறவன்ர பக்கம்."

எனக்கு அப்போது வந்தது கோபம்தான். என் பிள்ளைக்கு வருவதை இவ எப்போதும் தட்டிவிடுகிறா என்று ஊரெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் உங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். சூசை அந்த வள்ளத்தைக் கோடாலியால் பிளந்து விறகாக்கினான். அது கடலில் அமிழ்ந்திருக்குமோ மிதந்திருக்குமோ, இனி ஒருவருக்கும் தெரியாது. தமக்கையோடு கதைப்பதை அன்றோடு நிறுத்தினான். நத்தார்ப் பண்டிகைக்கும் அவ வாசலை மிதிக்கவில்லை. அவவுக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு அவன். கவலையில்லையோ என்று ஒருத்தி கேட்டதற்கு, "கவலைதான். ஆனா அவன் உசிரோட அடுத்த வளவிலதானே இருக்கிறான்," என்று சொன்னாவாம்.

இரண்டு வருசம் கழித்து அன்ரன் வேறு வள்ளம் வாங்கினான். அதையும் அவதான் பார்த்துக் கொடுத்தா. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அடக்கத்தன்று சூசை வந்தான். பெட்டியின் முன்பக்கம் ஒரு தோள் அவனுடையது, மற்றத் தோள் அன்ரனுடையது. நான் பின்னால் நடந்துபோய் மண் போட்டுவிட்டு வந்தேன்.

அவவை மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னார்கள். வராததை எழுத எனக்குத் தெரியாது. திரேசம்மாவுடையது என்று என்னிடம் இருப்பது அன்ரன்தான். விடியக் கடலுக்குப் போகிறான். பத்து மணிக்கு வந்து, கால் கழுவாமல் குசினிக்குள் ஏறிச் சோறு கேட்கிறான்.