துறைமுகத்தில் இரண்டு நத்தைகள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் சீவுகிறவளை அப்பா அம்மா வைத்த பெயரால் அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் பவர் அக்கா. லென்ஸை இயந்திரத்தில் மாட்டி, விளிம்பு சீவி, ஃபிரேமில் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கணவர் பேருந்து ஓட்டுநர். பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். இரண்டு அறை வீடு. யார் கண்ணும் படாத, யார் வாயிலும் விழாத வாழ்க்கை.

கல்யாணமான புதிதில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது: நத்தை. அப்போது வீட்டில் ஒரு கேம் கன்சோல் இருந்தது. அதில் ஒரு துறைமுக விளையாட்டு. இணையம் வழியாக எங்கெங்கோ இருக்கிறவர்கள் பொம்மை உருவம் எடுத்து அங்கே வருவார்கள். மீன் பிடிப்பார்கள், படகு ஓட்டுவார்கள், பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து எழுத்தில் அரட்டை அடிப்பார்கள். நத்தை சிவப்பு மழைக்கோட்டு போட்டவள். உருவம் செய்யும்போது கை தவறி ஒரு புருவம் மேலே ஏறிவிட்டது. திருத்த நினைத்து, பிறகு அதுவே பழகிப்போய் விட்டுவிட்டாள். வயிற்றில் பிள்ளை உண்டானபோது வீட்டில் இடம் போதவில்லை. கன்சோலை அப்படியே தூக்கி ஒரு பழைய சாமான் கடையில் கொடுத்தாள். உள்ளே இருந்த எதையும் அழிக்கத் தோன்றவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தக் கம்பெனி இணையச் சேவையை நிறுத்தியதாக எங்கோ படித்தாள். அடுப்பில் பால் இருந்தது; படித்ததை மறந்துவிட்டாள்.

போன வருடம்தான், பழைய ஆட்டக்காரர்கள் கூடி அந்தச் சேவைக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று தெரியவந்தது. கன்சோல் என்ன கேட்கும், கம்பெனியின் சர்வர் அதற்கு என்ன பதில் சொல்லும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதே பதில்களைச் சொல்லும் சர்வரைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் தந்தி. வெளிநாட்டில் தொலைபேசிக் கம்பெனியில் வேலை. அதனால் வந்த பட்டப்பெயர். பவர் அக்கா தன் பழைய பெயரைச் சொல்லி எழுதியதுதான் தாமதம், உடனே கூப்பிட்டுவிட்டான்.

"நத்தை, நீயா? உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்னுதான் நெனைக்கிறேன்."

அதே மாடலில் ஒரு பழைய கன்சோல் வாங்கி, நத்தை என்ற பெயரிலேயே புது உருவம் செய்துகொண்டாள். எந்தக் கதவு திறக்கிறது, எது பல்லைக் காட்டுகிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. லென்ஸ் மாதிரிதான்: மாட்டு, பார், சரியில்லை, கழற்று.

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்றார் கணவர்.

"நீங்க லீவு நாள்லயும் பஸ் டிப்போவுல போய் உட்காரலையா?" என்றாள்.

ஒருநாள் பேச்சுவாக்கில் தந்தி சொன்னான். "எங்கம்மா தவறின வாரத்துல நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல. சர்வர மூடுன அன்னிக்கும் கடைசிவரைக்கும் நீதான் பக்கத்துல நின்ன. மொதல்ல கடல் மறைஞ்சுது, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. இருக்கவும் முடியாது. சர்வரை மூடியபோது கன்சோல் கை மாறி மூன்று வருடமாகிவிட்டது. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறான் என்று விட்டுவிட்டாள். ஆனால் குழுவில் இன்னும் இருவர் அதே மாதிரி ஏதேதோ சொல்லி நன்றி சொன்னார்கள். கடையில் லென்ஸைத் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம், தன் பங்கை யாரோ வாழ்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கம்பெனி கைவிட்ட பழைய இணைய முகவரியைத் தந்தி வாங்கிப் போட்டான். இனி எந்தக் கன்சோலிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய முகவரியைத் தட்டினால் போதும், கதவு திறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு சோதித்துப் பார்த்தார்கள். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் யாருக்கும் சொல்லல, நீயும் நானும் மட்டும்தான்" என்றான் தந்தி, ஹெட்போனில்.

துறைமுகம் வந்தது. சத்தம் இல்லை; அலை அசையவில்லை; படகுகள் கண்ணாடியில் ஒட்டிவைத்தது போல நின்றன. தந்தியின் உருவம் படிக்கட்டில் இருந்தது. அதைத் தாண்டி, பாலத்தின் கோடியில் கடலைப் பார்த்தபடி இன்னொரு உருவம். சிவப்பு மழைக்கோட்டு. தலைக்கு மேல் பெயர்: நத்தை.

"ரெண்டு கன்சோல்ல வந்திருக்கியா?" என்று சிரித்தான் தந்தி.

"இல்ல."

அது திரும்பியது. ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது. மெதுவாக நடந்து வந்து தந்தியின் முன்னால் நின்றது. எழுத்து வந்தது: 'தந்தி! எங்கடா போயிட்ட இத்தனை வருஷம்?'

ஹெட்போனில் அவன் கேட்டான்: "நத்தை, நீதான டைப் பண்ற?"

"என் கை ரெண்டும் மடியில இருக்கு."

அது அவள் பக்கம் திரும்பியது. 'புதுசா வந்திருக்கீங்களா? எனக்கும் இதே பேருதான்.'

தந்தி அவசரமாக அடித்தான்: 'அம்மாவுக்குக் கடைசியா என்ன வாங்கிக் குடுத்தேன்?'

'செருப்பு. அளவு பெருசாப் போச்சு. மாத்தப் போகவே இல்லன்னு அழுதியே.'

அவன் இப்போதும் அழுதான். சத்தமில்லாமல்தான், ஆனால் அவளுக்குக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்: "அப்ப நீ யாரு?"

கன்சோலைக் கடையில் கொடுத்த கதையைத் திக்கித் திணறிச் சொன்னாள். அவள் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: 'இந்தப் பெட்டிய எங்க வாங்கினீங்க?'

சிவப்புக் கோட்டு ஓரடி பின்வாங்கியது.

'பழைய சாமான் கடைல. உங்களோடதா?'

'ஆமா.'

'மன்னிச்சிருங்க. நான் நெடுஞ்சாலைல சுங்கச்சாவடில சீட்டு குடுக்கிறவ. நாள் முழுக்க கைய மட்டும் நீட்டுவாங்க, ஒருத்தரும் மொகத்தப் பாக்க மாட்டாங்க. பெட்டிய ஆன் பண்ணா எல்லாரும் ஓடி வந்து, எங்க போயிட்ட நத்தை, கொழந்த பொறந்துடுச்சான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல. நான் யாருன்னு அவங்களேதான் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்தாங்க.'

'கொழந்தன்னு என்ன சொன்னீங்க?'

'பொண்ணுன்னு சொன்னேன். இடது கைப் பழக்கம்னு சொல்லி வச்சேன். சும்மா, வாய்க்கு வந்தது.'

பவர் அக்கா தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள். மகள் குப்புறப் படுத்து, இடது கையில் பென்சிலைப் பிடித்து, வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தாள்.

'மூடினதுக்கப்புறமும் தினமும் தட்டிப் பாப்பேன். இணைப்பு இல்லன்னே வரும். இன்னிக்கு தொறந்துச்சு' என்று எழுதியது அது.

சர்வர் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. சில நூறு பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது சிவப்புக் கோட்டைத்தான்.

"வேணும்னா எல்லாருக்கும் உண்மையச் சொல்லிடலாம்" என்றான் தந்தி. குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. தெரியாதவர்களிடம் பேசும் மரியாதை வந்திருந்தது.

"என்னன்னு சொல்லுவ? அவங்க பழகினது அந்தப் பொண்ணோடதான். நான் நடுவுல எழுந்து போனவ."

கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தன்னைவிட அந்தப் பெயரை நன்றாக வைத்துக்கொண்டவளிடம் எதைத் திருப்பிக் கேட்பது? தன் உருவத்துக்குப் 'பவர்' என்று பெயர் மாற்றிக்கொண்டாள். புதியவள் என்று நினைத்து ஒரு பெரியவர் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டாள். சோதனை வேலையை மட்டும் விடவில்லை. அலை அசையத் தொடங்கியது அவள் கண்டுபிடித்துச் சொன்ன பிழையைத் திருத்திய பிறகுதான்.

ஒரு மாலை பாலத்தில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பவர் கொஞ்சம் தள்ளித் தூண்டில் போட்டிருந்தாள். யாரோ நத்தையிடம் மகளைப் பற்றி விசாரித்தார்கள். சிவப்புக் கோட்டு ஒரு நொடி பவரின் பக்கம் திரும்பியது போலிருந்தது. பிறகு எழுத்து வந்தது: 'காலைலேர்ந்து காய்ச்சல். ஸ்கூலுக்கு அனுப்பல.'

எல்லாரும் கஷாயமும் ஈரத்துணியும் சொன்னார்கள்.

பவர் அக்கா கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, நீ எழுது."

சூடு இல்லை. ஆனாலும் கையை எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.