பொய்க்கண் வண்டு

மரக்கிடங்கில் கட்டைகளைச் சோதித்து எடுக்கும் அவரை எல்லோரும் 'தட்டுக்காரர்' என்றார்கள். கோடரியின் பின்புறத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்காமல் எதையும் உள்ளே விடமாட்டார். சொந்தக்காரர் கொண்டுவந்தால் இரண்டு முறை தட்டுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் கதவு நிலையைத் தட்டியவர் என்று கேலி பேசுவார்கள். அவர் மறுத்ததில்லை.

அன்று லாரியில் கட்டை கொண்டுவந்தவர் அவருடைய தங்கையின் கணவர். போன லோடைத் திருப்பி அனுப்பியதிலிருந்து தங்கை பேசுவதில்லை. "இதையும் திருப்பினா அண்ணன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதுவே அவர் சந்தேகத்தைக் கூட்டியது. நல்ல கட்டைக்கு முன்கூட்டியே மிரட்டல் எதற்கு?

லாரி காலையிலிருந்தே கொட்டகையின் மூலைத் தூணை ஒட்டி நின்றது. மேலேறிக் காதை வைத்தார். 'டக்' என்றது.

"உள்ள புழு இருக்கு, மாப்பிள்ளை."

"பச்சை மரம், மச்சான். புழு உங்க மனசுல இருக்கு."

மறுபடி 'டக்'. பட்டை இடுக்கில் விரலை விட்டதும் ஒரு பெரிய வண்டு விழுந்தது. விரலில் பாதி நீளம். கருஞ்சாம்பல் உடம்பெங்கும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். தலைக்குப் பின்னால் வெள்ளை வளையமிட்ட இரண்டு கருங்கண்கள் அவரை முறைத்தன. அவை வெறும் பொட்டுகள். உண்மைக் கண்கள் முன்னால், கடுகளவே இருந்தன. மல்லாந்து செத்ததுபோல் கிடந்தது, 'டக்'கென்று எம்பி நிமிர்ந்து விழுந்தது.

"சத்தம் போட்ட ஆள் சிக்கியாச்சு!" என்று சிரித்தார் தங்கை கணவர்.

தட்டுக்காரர் சிரிக்கவில்லை. இதன் புழு பச்சை மரத்தில் வாழாது. உளுத்த மரத்துக்குள் கிடந்து, அதைக் குடையும் மற்றப் புழுக்களைத் தின்று வளரும். "அப்போ உளுத்த கட்டை ஒண்ணு கலந்திருக்கு" என்று எல்லாவற்றையும் தட்டினார். அத்தனையும் கணீரென்றன. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இந்தத் தூணைத் தட்டியிருக்கீங்களா, மச்சான்?"

"அது நானே பாத்து நட்டது. அதை எதுக்குத் தட்டணும்?"

தங்கை கணவர் கோடரியை வாங்கித் தட்டினார். 'பொத்' என்றது. கூரான பக்கத்தால் லேசாகக் கொத்தியதும் மரம் நனைந்த ரொட்டிபோல் உதிர்ந்தது. உள்ளே கொழுத்த வெள்ளைப் புழுக்கள். நடுவே தட்டையான, நீண்ட மஞ்சள் புழு ஒன்று, ஒரு வெள்ளைப் புழுவைக் கவ்விக்கொண்டிருந்தது.

தட்டுக்காரர் கோடரியைத் திரும்ப வாங்கி, தூணை இன்னொரு முறை தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"லோடை இறக்குங்க, மாப்பிள்ளை. தூண் பக்கம் வேண்டாம், தள்ளி. தங்கச்சிய வரச் சொல்லுங்க."

"நீங்களே வந்து கூப்பிடுங்க."

தட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது நீங்களா சொல்றதா, அவ சொல்லிக் குடுத்ததா?"