தொப்பியைக் கையில் பிடித்தவர்

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் லிஃப்டுக்குக் கதவு கிடையாது. இரண்டு பேர் நிற்கும் பெட்டிகள் ஒருபக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே தாவி ஏறவேண்டும், தாவி இறங்கவேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து என்னோடு அதில் வருபவர், வரைபடம் போடும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன். நெட்டையான, ஒல்லியான மனிதர். ஏறியதும் தொப்பியைக் கழற்றுவார். இறங்கியதும் போட்டுக்கொள்வார். "மால்ட்சைட்" என்ற சாப்பாட்டு வேளை வணக்கத்தைத் தவிர எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

1960-களின் நடுவில் ஒருநாள், பெட்டி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே வெறும் சுவர். சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. பத்திரிகைகள் அப்போது அலசிக்கொண்டிருந்ததையே கேட்டுவைத்தேன்: போருக்குப் பிறகு ஜெர்மன் ராணுவத்துக்குப் போட்ட கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா?

"என் மகன் ராணுவத்தில்தான் இருக்கிறான்," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "தளர்த்தாவிட்டால் எல்லையில் வெறுங்கையோடு நிற்பான். தளர்த்தினால் நல்ல ஆயுதமாகக் கொடுத்து எங்காவது அனுப்பிவிடுவார்கள். என்னை அப்படித்தான் அனுப்பினார்கள். நான் எதற்குக் கை தூக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்."



ஒரு குலுக்கலோடு லிஃப்ட் கிளம்பியது. எங்கள் மாடி வந்ததும் நான் தாவி இறங்கினேன். அவர் இறங்கவில்லை. பெட்டி உச்சிக்குப் போய் இருட்டில் மறைந்து, மறுபக்கமாக இறங்கி வந்தது. உள்ளே அவர் அப்படியே நின்றிருந்தார், தொப்பி கையில். இப்போதாவது இறங்குவார் என்று ஒதுங்கி வழிவிட்டேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே கீழே போனார்.